மூக்குப்பாறையில் பெண்கள் உட்கார்ந்த பதினோரு நாள்

மூக்குப்பாறையில் ஒரு டிசம்பரில் பெண்கள் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார்கள். நோயில்லை, போராட்டமில்லை, யாரும் சாகவுமில்லை. ஜன்னலில் விளக்கு அணையாமல் எரிந்தது, அதனால் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏன் அணையவில்லை என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அந்த ஊரில் அப்போது யாருக்கும் நேரமும் இல்லை. ஆண்களுக்குச் சமையல் இருந்தது, பெண்களுக்கு உட்கார வேண்டியிருந்தது.

கொடைக்கானல் மலையில் பஸ் திரும்புகிற இடத்துக்கும் கீழே, ஜீப் மட்டும் இறங்குகிற சரிவில், கேரட்டும் பூண்டும் போட்ட படிக்கட்டு நிலங்களுக்கு நடுவே பன்னிரண்டு வீடுகள், அதுதான் மூக்குப்பாறை. மழை முடிந்ததும் அங்கே இஸ்ரேல் பிள்ளைகள் வருவார்கள். பட்டாளத்தில் கட்டாய வேலை முடித்த கையோடு தலைமுடியை வளர்த்துக்கொண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பனியைப் பார்க்கவும் தூங்கவும் வருவார்கள். அவர்களுக்காக ஊரில் கடைப்பலகைகளில் தமிழுக்கு மேலே எபிரேய எழுத்து ஏறிவிட்டது. தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுப் பேச்சியக்காகூட, தக்காளித் தொக்கில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைக்கிற ஷக்ஷூகாவை அவர்கள் அம்மாக்களைவிட நன்றாகச் செய்வாள் என்று அந்தப் பிள்ளைகளே சொல்வார்கள்.

அந்தப் பன்னிரண்டு வீட்டில், மூன்று அறையை விருந்தினர் விடுதியாக விட்டிருக்கிற வீடு ஜீப் டிரைவர் சவரியப்பனுடையது. பலகையில் அவர் பெயர் இருந்தது. அடுப்படியில் அவர் மனைவி ஜெசிந்தா இருந்தாள். மிச்ச இடங்களில் எல்லாம் அவர்கள் மகள் பிரிசில்லா இருந்தாள்.

பிரிசிக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒரே கணக்கை மூன்று தரம் பலகையில் போட்டு மூன்று விடை கொண்டுவந்தபோது, சார் எனக்கும் புரியல, உங்களுக்கும் புரியல, எதுக்கு ரெண்டு பேரும் கஷ்டப்படணும் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தவள் அப்புறம் போகவில்லை. அவளுக்குப் பொய் வராது. நல்ல குணத்தால் அல்ல, பொய்யை யோசித்துச் செய்யப் பொறுமை கிடையாது. மூன்று மாதமாகக் கிதார் பழகிய ஒரு இஸ்ரேல் பையனிடம் இது உனக்கு வராது, நேரமாகுது என்று, விடுதிப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட எபிரேயத்திலேயே சொன்னாள். பேச்சியக்காவின் தீபாவளிச் சேலையைப் பார்த்து, அக்கா இது பஸ் ஜன்னல் திரை என்றாள். ஊரில் ஒரு விஷயத்தில் உண்மை வேண்டும் என்றால் பிரிசியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், கேட்டபிறகு வருத்தப்படுவார்கள்.

டிசம்பர் தொடங்கிய ஒரு காலையில், இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு அவள் குழாயடியிலிருந்து வீட்டுக்கு வரும் நாற்பத்திரண்டாவது படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, அப்பா ஜீப்பில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசியவன் குமரவேல், கீழே சமவெளியில் நூல் மில்லுகளுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற ஏஜென்ட். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"சும்மாதாண்ணே இருக்கு வீட்டுல," என்றார் சவரியப்பன்.

பேச்சு முடிந்துபோனது. மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கல், ஷிஃப்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன், முடிவில் மொத்தமாகக் கிடைக்கிற பணத்தில் கல்யாணம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேன் வரும். பிரிசி ஒரு வாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் போகமாட்டேன் என்றாள். போகாம சும்மா உக்காந்து என்ன பண்ணப்போற என்றார் அப்பா. அவள் பதில் சொல்லியிருப்பாள், ஆனால் பிசைந்த மாவு பொங்கிக்கொண்டிருந்தது, முதல் அறைக்காரன் வெந்நீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான், கோழிகள் பூண்டு வயலில் இறங்கிவிட்டன. சண்டை போடக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

அந்த வாரம்தான் இரண்டாவது அறையில் இருந்த தாலியா, ஹனுக்கா என்கிற யூதப் பண்டிகையைக் கொண்டாட வேண்டும் என்றாள். பட்டாளத்தில் இரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவள், சாமி பக்தி அவ்வளவு கிடையாது, ஆனால் டிசம்பர் வந்தால் எண்ணெயில் பொரித்ததைத் தின்ன வேண்டும், விளக்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்து மூக்கு ஒழுகும். ஒன்பது விளக்குள்ள தண்டுக்கு மலையில் எங்கே போவது? கார்த்திகை முடிந்து கடையில் மிஞ்சிக்கிடந்த அகல்களில் ஒன்பதை வாங்கி, கேரட் பெட்டியின் பலகை ஒன்றில் எட்டை வரிசையாக வைத்து, ஒன்பதாவதைக் கவிழ்த்த டம்ளரின் மேலே உயரமாக வைத்தாள் பிரிசி. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துபோயிருந்ததால் சூரியகாந்தி எண்ணெய். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது முறையாம், அதனால் முன்னறை ஜன்னலில் வைத்தார்கள். ஜெசிந்தா உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி தட்டி எண்ணெயில் போட்டாள், நடுவில் ஜாம் வைத்த இனிப்புப் போண்டாவும் போட்டாள். வாசனைக்குப் பேச்சியக்கா வந்தாள்.

தாலியா கதை சொல்ல, பிரிசி தமிழாக்கினாள். முன்னொரு காலத்தில் அவர்கள் கோயிலை எதிரிகள் பாழாக்கிவிட்டார்கள், மீட்டபோது சுத்தமான எண்ணெய் ஒரே ஒரு குப்பி இருந்தது, ஒரு நாளைக்குத்தான் வரும், ஆனால் புது எண்ணெய் ஆட்டிக் கொண்டுவரும்வரை எட்டு நாள் எரிந்தது.

"எட்டு நாளா?" என்றாள் பேச்சியக்கா. "ரேசன்ல போடுற ஒரு பாக்கெட்டு பாமாயில நான் ஒரு மாசம் ஓட்டுறேன். எனக்கு எவ விளக்கு ஏத்துறா?"

அதைப் பிரிசி அப்படியே மொழிபெயர்த்தாள். தாலியா சிரித்துவிட்டு முறைகளைச் சொன்னாள். தினம் ஒரு விளக்கு கூட்டி எட்டு நாள். அந்த எட்டு விளக்கும் பார்க்க மட்டும்தான், அந்த வெளிச்சத்தில் படிக்கக் கூடாது, அரிசியில் கல் பொறுக்கக் கூடாது, கீழே விழுந்த ஊசியைத் தேடக்கூடக் கூடாது. வேலைக்கென்று இருப்பது உயரத்தில் இருக்கிற ஒன்பதாவது, மற்றதை ஏற்றுவதும் அதுதான். பிறகு போண்டாவை மென்றுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். விளக்கு எரிகிற நேரத்தில் பெண்கள் வேலை செய்ய மாட்டார்கள், அவளுடைய அம்மா சோபாவைவிட்டு எழவே மாட்டாள்.

பிரிசி இதையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். ஜெசிந்தா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம்மா."

ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். இரண்டு பாதமும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி விலகி நின்றன. பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

இரண்டாம் நாள் பேச்சியக்கா தன் வீட்டு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கேரட் கழுவுகிற பெண்கள் நாலு பேர். விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரைக்கும் முறை கட்டுப்படுத்தும் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது என்று யாரும் விசாரிக்கவில்லை, ஜன்னலோ சரிவின் உச்சியில் இருந்தது, பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு அளந்த எண்ணெய் முக்கால் மணியாயிற்று, ஒரு மணியாயிற்று, ஏனென்றால் போகிறவள் வருகிறவள் எல்லாம் யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி ஊற்றினாள். ஆண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நோன்பு, எட்டு நாள்தானே என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் ஒன்பது விளக்கும் எரிந்தன. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அகலில் எண்ணெய் ஏற்றிய அளவிலேயே நின்றது. பெண்கள் அங்கேயே பாயை விரித்துத் தூங்கி விடிந்து எழுந்தபோதும் சுடர்கள் அதே உயரத்தில் இருந்தன. தாலியாவும் கூட்டாளிகளும் கோகர்ணத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள், அணைந்ததும் கழுவி எடுத்து வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அணையவில்லை. ஆகவே பெண்கள் எழுந்திருக்கவில்லை.

காலை எட்டு மணிக்குச் சவரியப்பன் டீ கேட்டார். யாரும் வரவில்லை. முன்னறையில் எட்டிப்பார்த்தார். மனைவி, மகள், பேச்சியக்கா, இன்னும் ஏழெட்டுப் பெண்கள், சுவரில் சாய்ந்து வரிசையாக இருந்தார்கள்.

"விளக்கு எரியுதுங்க," என்றாள் ஜெசிந்தா, பஸ் நேரம் சொல்வது மாதிரி.

மதியம் பன்னிரண்டு வீட்டு ஆண்களும் ஜன்னலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். வழி சுலபமாகத்தான் தெரிந்தது, ஊதி அணைத்தால் முடிந்தது. ஆனால் ஊதுவதற்கு ஒருவரும் வாயைக் குவிக்கவில்லை. ஏற்றிய விளக்கை வாயால் ஊதினால் வீடு விளங்காது என்பதில் அந்த ஊரில் கோயிலும் சர்ச்சும் ஒரே கட்சி. பிறந்தநாள் கேக்கில ஊதுறீங்கல்ல என்று கேட்டாள் பிரிசி. அது மெழுகுவத்தி, இது அகல் என்றார்கள். சரி, பூவால் ஒற்றி அமர்த்தலாமே என்றால், அது வீட்டுப் பெண் செய்ய வேண்டிய வேலை, ஆம்பிளை கை பட்டால் ஆகாது. வீட்டுப் பெண்ணோ விளக்கு எரியும்போது வேலை செய்யக் கூடாது. ஆண்கள் இந்த வட்டத்தை மூன்று தரம் சுற்றி வந்தார்கள், சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நின்றார்கள், கடைசியில் ஒருவன், இப்ப சோத்துக்கு என்ன பண்றது என்றான்.

சோற்றுக்கு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு நாள் பிஸ்கட். மூன்றாம் நாள் சவரியப்பன் அரிசியைக் கழுவாமல் போட்டார், நாலாம் நாள் கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தார். பூசாரி சின்னாண்டி வந்து பார்த்துவிட்டு, தானா எரியுற விளக்கைத் தொடமாட்டேன், வேணும்னா என் கோயிலுக்குத் தூக்கிக்கிட்டுப் போறேன் என்றார். அப்படியானால் நாங்களும் கோயிலில் வந்து உட்காருவோம் என்றாள் பேச்சியக்கா. பூசாரியின் மனைவியும் அந்த வரிசையில்தான் இருந்தாள், அவரைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினாள், அவர் போய்விட்டார். மூடுபனி இறங்கினால் விளக்கு தெரியாது, தெரியாவிட்டால் பெண்கள் எழுந்துதானே ஆக வேண்டும் என்று ஒருத்தன் சட்டம் பேசினான். ஆண்கள் எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு பனிக்காகக் காத்திருந்தார்கள். பனி வந்தது, எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி, அதற்குள் ஒன்பது சுடரும் நாரத்தம்பழ அளவுக்குப் பருத்துத் தெரிந்தன. சவரியப்பன் கேரட் கூடையைக் கவிழ்த்து மூடிப் பார்த்தார். கூடையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பன்னிரண்டு வீட்டுச் சுவரிலும் அம்மைக் கொப்புளம் மாதிரி விழுந்தது, முன்னே பார்க்காதவர்களும் பார்த்தார்கள்.

எது வேலை என்பதில் பெண்களுக்குள்ளும் சந்தேகம் வந்தது. பிரிசி தாலியாவுக்கு போனில் குரல் செய்தி அனுப்பிக் கேட்டாள். அரை மணிக்கு மேல எனக்கும் தெரியாது, யாருக்கும் இப்படி ஆனதில்ல என்று பதில் வந்தது, பின்னால் கடல் சத்தம் கேட்டது. பிரிசி அதை அப்படியே சொன்னாள். எனவே ஊர் தானே சட்டம் போட்டது. பிள்ளைக்குப் பால் கொடுப்பது வேலையில்லை, பிள்ளையைக் கழுவுவது வேலை. தன் தலையைச் சீவலாம், அடுத்தவள் தலையில் பேன் பார்க்கலாம், அது பொழுதுபோக்கு. பாட்டுப் பாடலாம். புருஷனுக்கு உப்பு டப்பா எங்கே என்று சொல்வது வேலையா இல்லையா என்று ஒரு பகல் முழுக்கப் பேசி, வேலைதான் என்று முடிவு செய்தார்கள்.

பேச்சியக்காவின் பசு மட்டும் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பால் கறக்கப் போன அவள் புருஷன் மூன்று நாள் உதை வாங்கினான். நாலாம் நாள் பேச்சியக்காவின் சேலையைக் கட்டி, அதே பஸ் ஜன்னல் திரைச் சேலைதான், முக்காடு போட்டு, குரலை மெல்லிசாக்கிப் போய் உட்கார்ந்தான். பசு திரும்பிப் பார்த்தது, பெருமூச்சு விட்டது, பால் கொடுத்தது. அதற்குப்பிறகு அவன் தினமும் அப்படித்தான் போனான். ஊரில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் டீக்குப் பால் வேண்டும்.

வேலை பிரிப்பதில் ஆண்களுக்குள் அடிதடி வரப்பார்த்தபோதுதான் தாலியா விட்டுப்போன பம்பரம் கண்ணில் பட்டது. நாலு பக்கப் பம்பரம், பக்கத்துக்கு ஓர் எபிரேய எழுத்து, பண்டிகையில் அதைச் சுற்றிக் கடலைக்காய் வைத்து விளையாடுவார்கள். ஒரு எழுத்துக்கு எல்லாம் எடுத்துக்கொள், ஒன்றுக்குப் பாதி, ஒன்றுக்கு ஒன்றுமில்லை, திரிசூலம் மாதிரி இருக்கிற நாலாவதற்கு நீயே போடு. ஆண்கள் கடலையை விட்டுவிட்டு வேலையை வைத்துச் சுற்றினார்கள். எல்லாம் என்றால் அன்றைக்குப் பன்னிரண்டு வீட்டுக்கும் சமையல், பாதி என்றால் காய் நறுக்கல், ஒன்றுமில்லை என்றால் பீடி, திரிசூலம் என்றால் தண்ணீரும் விறகும். எழுத்து படிக்கத் தெரிந்தவள் பிரிசி ஒருத்திதான். பம்பரத்தைப் பார்ப்பது வேலையில்லை என்று பெண்கள் அனுமதித்தார்கள். அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, அவள் பொய் சொல்ல மாட்டாள். சவரியப்பனுக்குத் தொடர்ந்து ஐந்து நாள் எல்லாம் விழுந்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லு பாப்பா."

"நல்லாப் பாத்துட்டேன். எல்லாம்."

அணையாத விளக்கின் ஏழாம் நாள் சர்ச் உபதேசியார் தலைமையில் ஆண்கள் விசாரணைக்கு வந்தார்கள். பெண்கள் ரகசியமாக எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். கேட்டால் மற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள், ஆகவே பிரிசியை நிறுத்தினார்கள். ஊத்துனியா என்றார் உபதேசியார். ஊத்துனேன் என்றாள் பிரிசி. ஆண்கள் ஆ என்றார்கள். பண்டிகைல மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாள் வரைக்கும் தினம் ஒரு கரண்டி, அம்மா ரெண்டு கரண்டி, பேச்சியக்கா எண்ணவே இல்ல, எட்டாம் நாள் ஏத்துனதுக்கப்புறம் ஒருத்தரும் ஊத்தல, எந்திரிக்கவே சோம்பேறித்தனமா இருக்கு, எவ போயி ஊத்துவா? உபதேசியார் அவள் முகத்தைப் பார்த்தார், நம்பினார், வேறு வழியில்லை.

உண்மையைச் சொல்வதானால் பிரிசிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கிறுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. ஜெசிந்தா முதல் மூன்று நாள் தூங்கினாள், அடுத்த இரண்டு நாள் அவள் உடம்பில் ஒவ்வோர் எலும்பாக வலியெடுத்தது, இத்தனை வருஷம் வரிசையில் நின்ற வலிகள் இப்போதுதான் முறை வந்து உள்ளே வந்தன, ஆறாம் நாள் எல்லாம் தீர்ந்து முகம் மினுமினுவென்று ஆகிவிட்டது. அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது பிரிசிக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் பிரிசியின் கை சும்மா இருக்க மறுத்தது, அப்பா வெங்காயம் நறுக்குகிற அழகைப் பார்த்தால் எழுந்துபோய்க் கத்தியைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. அவள் வேலையை வெறுத்ததே இல்லை. மில்லுக்குப் போகத்தான் மாட்டாள். விளக்கு எரிகிறவரை யாரும் அவளை எங்கும் வேலைக்கு அனுப்ப முடியாது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், சுடரை நாளுக்கு நாற்பது தரம் பார்த்தாள். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க, அணைந்துவிடாதே என்று அவள் கேட்டுக்கொண்டது எந்தச் சாமியிடம் என்று அவளுக்கே தெரியாது.

கிறிஸ்துமஸ் வந்தது. ஆண்கள் நட்சத்திரம் கட்டினார்கள், கோணலாக. பிரியாணி செய்தார்கள், அது சாம்பார் சாதத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது, பெண்கள் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள், ஏனென்றால் அடுத்தவர் கையால் பரிமாறியது. அன்று சாயந்தரம் சவரியப்பன் முன்னறைக்கு வந்தார். வலது கையில் தீப்புண் மருந்து, முழங்கைவரை மாவு. மகள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

நாளைக்கு வேன் வருது என்றார். தெரியும் என்றாள். சவரியப்பன் கையால் சுடரைக் காட்டினார்.

"நீ விளக்கை அமர்த்திரு பாப்பா. நான் உன்னைய அனுப்பல."

"அமர்த்துறது வேலை. எரியுறப்ப செய்யக் கூடாது."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? நாளைக்கு வர்ற ஆள்கிட்டச் சொல்லு. நீதான அவன்கிட்டப் பேசுன."

சவரியப்பன் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தார். அவர் சொல்வாரா மாட்டாரா என்று ஜெசிந்தா கேட்டாள். தெரியாது என்றாள் பிரிசி. குமரவேல் எதிரே நின்று பேச ஆரம்பித்தால் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்பதும் அவளுக்குத் தெரியும், அதையும் சொன்னாள். ஜெசிந்தா அன்றைக்கு விசில் அடிக்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே ஆறு பெண்பிள்ளைகள், மடியில் பை, பையில் தலையணை. குமரவேல் வெள்ளைச் சட்டையில் பேனா சொருகிக்கொண்டு இறங்கினான். ஊரே ஒரு மாதிரியாக இருப்பது அவனுக்குத் தெரிந்தது. குழாயடியில் ஆண்கள் வரிசை, கொடியில் ஆண்கள் துணி காயப்போடுகிறார்கள், சேலை கட்டிய ஒருத்தன் பால் சொம்போடு போகிறான். ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தான். பட்டப்பகலில் ஒன்பது அகல் எரிந்துகொண்டிருக்க, பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் காலை நீட்டி உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள்.

"என்னாண்ணே," என்றான் சவரியப்பனிடம். "வீட்டுல ஒண்ணுதான் சும்மா இருக்குன்னீங்க. இங்க ஊரே சும்மா இருக்கு. வண்டில எடமிருக்கு, இன்னும் நாலு பேரச் சேத்து அனுப்புங்க."

சவரியப்பன் அடுப்படி வாசலில் நின்றார். கையில் கரண்டி இருந்தது. குமரவேல் பட்டியலை விரித்துப் பேனாவைத் திறந்தான், மில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தான், விடுதியில் டிவி உண்டு, வாரத்தில் ஒரு நாள் கறி உண்டு, சவரியப்பனின் தலை ஒரு தரம் ஆடியது, இரண்டாம் தரம் ஆடியது. பிறகு உள்ளே எதுவோ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது, அவர் அனிச்சையாக அந்தப் பக்கம் ஓடி, வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கி, கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தபோது தலை ஆடுவதை நிறுத்தியிருந்தது.

"சும்மான்னு நாந்தாண்ணே சொன்னேன்," என்றார். "தெரியாமச் சொல்லிட்டேன். பதினோரு நாளா அந்தச் சும்மாவ நான் செஞ்சு பாக்குறேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு. புள்ள வராது."

குமரவேல் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. வாக்கு கொடுத்தது, மேலே சொல்லியாயிற்று என்று ஏதேதோ பேசினான். சவரியப்பன் வராது என்றே சொன்னார், நாலு தரம் சொன்னார், நாலாவது தரம் கரண்டியை ஆட்டிக்கொண்டு. பாசத்தில் சொன்னாரா, மிளகாய்ப்பொடி எங்கே இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்காததால் சொன்னாரா என்று பிரிசி ஆராயவில்லை. வேனைத் திருப்பும்போது பின் சக்கரம் சேற்றில் இறங்கியது. ஆண்கள் எல்லாரும் தள்ளப் போனார்கள், வேன் உறுமியது, ஊர்க் கண் முழுக்க அங்கே இருந்தது.

அப்போதுதான் முதல் அகல் அணைந்தது. எண்ணெய் வற்றி, திரி கறுத்து, ஒரு நூல் புகை விட்டு, எந்த அகலும் அணைவது மாதிரிதான் அணைந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, ஒன்றின் பின் ஒன்றாக எட்டும். டம்ளர் மேலே இருந்த வேலைக்கார விளக்கு கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு அதுவும் போனது.

பிரிசி வாயைத் திறந்தாள். ஜெசிந்தாவின் கை வந்து அவள் தொடையை அமுக்கியது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற, ஒரு முட்டையைக்கூடக் கணக்கு மாற்றிச் சொல்லாத ஜெசிந்தா, இடம் மாறி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முந்தானையை இரண்டு பக்கமும் அகல விரித்துக்கொண்டாள். பேச்சியக்கா இந்தப் பக்கம் நெருங்கினாள், பூசாரி மனைவி அந்தப் பக்கம் நெருங்கினாள். வெளியே இருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும்.

வேன் ஏறிப் போய்விட்டது. சேறு கழுவிக்கொண்டு ஆண்கள் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். சவரியப்பன் டீக்குப் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, பிறகு அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"பாப்பா, விளக்கு இன்னும் எரியுதா?"

பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் பிரிசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பொய் வராது என்று எல்லாருக்கும் தெரியும். ஜெசிந்தாவின் கால் இரண்டும் இன்னும் நீண்டு கிடந்தன, விரல்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருந்தன. பிரிசி அந்த விரல்களைப் பார்த்தாள்.

"டீயில இஞ்சி தட்டிப் போடுப்பா," என்றாள்.